வாய்க்கால்ல நிக்கிற தண்ணி யாருக்கு? - ஒரு ஃபர்ம்வேர் புலம்பல்

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கலான, கொஞ்சம் நீளமான, நிறைய கடுப்பான பதிவு. கவிதை, சினிமா எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்குங்க. அடுத்த வாரம் ஆழியாறு மீன் வறுவல் பத்தி எழுதிடறேன்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப அம்மிச்சியை ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆனைமலைல வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணும்னு காலைலயே கிளம்பியாச்சு. மெஷின்ல விரல் வைக்கணும். அம்மிச்சிக்கு நாப்பது வருசம் தேங்காய் மட்டை உரிச்ச கை. ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. மூணு தடவை முந்தானைல துடைச்சு துடைச்சு வெச்சு, நாலாவது தடவை பீப் அடிச்சுது. வெளிய வந்ததும் கேட்டுச்சு: "ஏன் கண்ணு, என்ற ரேகைய அந்தப் பொட்டிக்குள்ள வெச்சுக்குவானுகளா? வேற எவனாச்சும் எடுத்துக்க மாட்டானா?"

நான் சாஃப்ட்வேர் இஞ்சினியர். அதுவும் இதே மாதிரி பொட்டிக்குள்ள ஓடுற ஃபர்ம்வேர் எழுதறவன். "அதெல்லாம் பத்திரமா இருக்குங் அம்மிச்சி"ன்னு சொல்லிட்டேன். சொன்னப்ப நாக்கு கொஞ்சம் தடுமாறுச்சு. ஏன் தடுமாறுச்சுங்கறதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஆதார் ஆணையம் பயோமெட்ரிக் கருவிகளை ரெண்டு நிலையா பிரிச்சு வெச்சிருக்கு. எல்-0, எல்-1. எல்-0ல ரேகையை மறையாக்கம் பண்றதும் கையெழுத்துப் போடறதும் சாதாரண ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டத்துல, மென்பொருளா நடக்கும். எல்-1ல அதையெல்லாம் நம்பகமான தனிச் சூழலுக்குள்ள செய்யணும். வெளிய இருக்கற ஓஎஸ்ஸோ அதோட யூசரோ அந்தத் தனிச்சாவியை எந்த வழியிலயும் எடுக்க முடியக்கூடாது. விதி நல்ல விதிதான், குறை சொல்ல ஒண்ணுமில்லை. அந்த "எந்த வழியிலயும்"ங்கற ஒரு வார்த்தையை நாம எப்படிக் காப்பாத்தறோம்ங்கறதுலதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ஆர்ம் சிப்புகள்ல இந்தத் தனிச் சூழலுக்குப் பரவலா பயன்படறது டிரஸ்ட்சோன். ஒரே ப்ராசஸர், ரெண்டு உலகம். ஒண்ணு சாதா உலகம், அங்க லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஓடும். இன்னொண்ணு பாதுகாப்பு உலகம், அங்க சாவிகள் இருக்கும். மார்க்கெட்டிங் படத்துல நடுவுல கெட்டியா ஒரு செவுரு வரைஞ்சிருப்பாங்க, அதுக்கு மேல பூட்டு பொம்மை வேற. அந்தப் படத்தைப் பார்த்தா உள்ள ரெண்டு தனித்தனி ப்ராசஸர் இருக்கற மாதிரித்தான் தோணும். கிடையவே கிடையாது சாமி! ஒரே கோர். ஒரே எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரைக்குமான ரெஜிஸ்டர்கள். ஒரே முப்பத்திரண்டு வெக்டர் ரெஜிஸ்டர்கள். இந்த உலகத்துல இருந்து அந்த உலகத்துக்குப் போறது இஎல்3ங்கற உச்ச மட்டத்துல, எஸ்சிஆர்_இஎல்3ங்கற ரெஜிஸ்டர்ல என்எஸ்னு ஒரே ஒரு பிட்டை மாத்தறதுதான். பிட்டு மாறினா மெமரிக்கு செவுரு எழும்பும், உண்மைதான். ஆனா ரெஜிஸ்டருக்குள்ள இருந்தது? அது அப்படியே அங்கயேதான் உக்காந்திருக்கும்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதை ஒரு நிமிசத்துல சொல்லிடலாம். கிளை வாய்க்கால் ஒண்ணு, தோட்டம் ரெண்டு. முறை வெச்சுத் தண்ணி பாயுது. முறை மாறறப்ப மடையைத் திருப்பி விட்டாச்சு. ஆனா வாய்க்கால்ல நிக்கிற தண்ணி? அது முந்தின தோட்டத்துக்காரன் முறைல வந்த தண்ணி. அடுத்தவன் வயலுக்குத்தான் போகும். அவன் மருந்தோ உரமோ கலந்து விட்டிருந்தா அதுவும் சேர்ந்து போகும். மடையை மாத்தினதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறவன் விவசாயி இல்லை. ஃபர்ம்வேர்ல மட்டும் அவன் "சீனியர் ஆர்க்கிடெக்ட்".

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வாய்க்காலைக் கழுவி விடற வேலைக்குப் பேருதான் கான்டெக்ஸ்ட் சேவ், ரெஸ்டோர். சாதா உலகம் எஸ்எம்சின்னு ஒரு ஆணை போடுது. இஎல்3ல இருக்கற மானிட்டர் முழிச்சுக்குது. சாதா உலகத்தோட ரெஜிஸ்டரையெல்லாம் மெமரில ஒரு கட்டத்துல எழுதி வெச்சுட்டு, பாதுகாப்பு உலகத்தோட பழைய ரெஜிஸ்டர்களை இன்னொரு கட்டத்துல இருந்து எடுத்துப் போட்டு, பிட்டை மாத்தி, ஈரெட் அடிச்சு உள்ள அனுப்பும். திரும்பி வர்றப்ப இதே கதை தலைகீழா.

இதுல ரசிக்கற மாதிரி ஒரு முடிச்சு இருக்கு. ரெஜிஸ்டரை மெமரில எழுதணும்னா அந்த மெமரியோட விலாசத்தை ஒரு ரெஜிஸ்டர்ல வெச்சிருக்கணும். ஆனா எல்லா ரெஜிஸ்டர்லயும் வந்தவனோட சாமான் இருக்கே, எதைக் காலி பண்றது? ஆர்மோட டிரஸ்டட் ஃபர்ம்வேர்ல இதுக்கு ஒரு அழகான வழி. இஎல்3க்கு மட்டுமே சொந்தமான எஸ்பி_இஎல்3ங்கற ஸ்டாக் பாயிண்டரை, ஸ்டாக்குக்குன்னு இல்லாம, இந்த கான்டெக்ஸ்ட் கட்டத்தைக் காட்டறதுக்குன்னே முன்கூட்டி வெச்சுடுவாங்க. உள்ள வந்ததும் முதல்ல எக்ஸ்30ஐ அங்க எழுதினா ஒரு ரெஜிஸ்டர் காலி. அதை வெச்சு மத்ததைப் பார்த்துக்கலாம். ரிஸ்க்-ஃபைவ்ல எம்ஸ்கிராட்ச்னு ஒரு தனி ரெஜிஸ்டர், அதோட ஒரு ரெஜிஸ்டரை ஒரே ஆணைல இடம் மாத்திக்கலாம். எவனோ ராத்திரி தூங்காம யோசிச்சிருக்கான். இந்த முதல் பத்து வரி அசெம்பிளியை மொத தடவை படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுது. (எனக்குப் புல்லரிக்கறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையான்னு வீட்டுல கேப்பாங்க. அது வேற.)

காலேஜ்ல 8085 கிட்டுல புஷ் பிஎஸ்டபிள்யூ போட்டுப் படிச்சோமே, அக்யுமுலேட்டரும் ஃபிளாகும் ஸ்டாக்குக்குப் போகும்னு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான் இது. ஆனா அங்க மறந்தா விடை தப்பா வரும், வாத்தியார் திட்டுவார். இங்க மறந்தா விடை சரியாவே வரும். டெமோ நல்லா ஓடும். கஸ்டமர் கை குலுக்குவார். சாவி மட்டும் வாய்க்கால்ல நின்னுட்டிருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்துல நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம். ரேகை வாங்கற ஒரு கருவிக்கு ஃபர்ம்வேர். மானிட்டர் ஆர்மோட திறந்த மூலம்தான். பாதுகாப்பு உலகத்துல ஓடறது வீட்டுத் தயாரிப்பு, சின்ன ஓஎஸ். டிரஸ்டட் ஃபர்ம்வேர்ல வெக்டர் ரெஜிஸ்டர்களையும் சேர்த்து சேமிக்கணுமான்னு ஒரு பில்டு ஆப்ஷன் இருக்கு, சிடிஎக்ஸ்_இன்க்ளூட்_எஃப்பிரெக்ஸ். சும்மா விட்டா அதோட மதிப்பு 0. அதாவது மானிட்டர் அதைத் தொடாது. தேவைன்னா உள்ள இருக்கற ஓஎஸ் பார்த்துக்கணும். ஆப்-டீ மாதிரி ஓஎஸ்கள் அதைத் தாங்களே பார்த்துக்குது. அதனால அந்த 0ல தப்பே இல்லை. எங்க வீட்டுத் தயாரிப்பு பார்த்துக்கலை. கேட்டா, "அது மானிட்டர் வேலை". மானிட்டர் டீம்ல கேட்டா, "டாக்குமெண்ட்ல தெளிவா இருக்கே, ஓஎஸ் வேலை". ஒறம்பரை வந்து திண்ணைல உக்காந்திருக்காங்க. பெரிய மருமக காப்பி குடுத்திருப்பான்னு சின்னவ நினைக்கறா, சின்னவ குடுத்திருப்பான்னு பெரியவ நினைக்கறா. ஒறம்பரை தொண்டை காஞ்சு எந்திரிச்சுப் போயிடுச்சு.

ரொம்ப நாள் இதனால ஒண்ணும் ஆகலை. உள்ள இருந்த ஏஇஎஸ் நிரல் வெறும் முழு எண் கணக்குதான், வெக்டர் பக்கமே போகாது. அப்புறம் ஒரு நல்லவர் வேகத்துக்காக கிரிப்டோ லைப்ரரியைப் புதுசா மாத்தினார். புதுசு ஆர்மோட கிரிப்டோ ஆணைகளை உபயோகிக்கும். அந்த ஆணைகள் வேலை செய்யறது எங்க? வெக்டர் ரெஜிஸ்டர்ல! ஏஇஎஸ்ஸோட ஒவ்வொரு சுற்றுச் சாவியும் 128 பிட், ஒரு வெக்டர் ரெஜிஸ்டரும் 128 பிட், அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி பொருந்தும். பெஞ்ச்மார்க் எகிறுச்சு, மெயில்ல வாழ்த்து மழை.

எனக்கு என்னமோ உறுத்துச்சு. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் ஒரு சின்ன கெர்னல் மாட்யூல் எழுதினேன். முப்பத்திரண்டு வெக்டர் ரெஜிஸ்டர்லயும் ஏ5, ஏ5ன்னு ரொப்பு. எஸ்எம்சி போட்டு உள்ள ஒரு என்கிரிப்ட் பண்ணச் சொல்லு. திரும்பி வந்ததும் எத்தனை ரெஜிஸ்டர்ல ஏ5 இல்லைன்னு எண்ணு. சரியா இருந்தா விடை 0 வரணும்.

13 வந்துச்சு.

ஏஇஎஸ்-128க்கு 11 சுற்றுச் சாவி. மீதி ரெண்டு டேட்டா. வரிசையா, சுத்தமா, இலை போட்டுப் பரிமாறின மாதிரி லினக்ஸ் பக்கம் உக்காந்திருந்துச்சு. இதுல முதல் சுற்றுச் சாவின்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்: அது மூலச் சாவியேதான். உடைக்கறதுக்குக் கணக்குகூடப் போட வேண்டாம்.

மறுநாள் மீட்டிங். நான் ஏதோ வீட்டுக்குள்ள பாம்பைப் பார்த்த மாதிரி பதறிட்டுப் போறேன். அங்க வந்த பதில்களை அப்படியே தர்றேன், ஏன்னா இந்த மூணு பதிலும் அந்த ஒரு ஆபீஸோட சொத்து இல்லை. எல்லா இடத்துலயும் கேட்டாச்சு.

"வெக்டரையெல்லாம் சேவ் பண்ணினா பெர்ஃபார்மன்ஸ் போயிடும் பா." எவ்ளோ போகும்? 32 ரெஜிஸ்டர், ஒவ்வொண்ணும் 16 பைட், மொத்தம் 512 பைட். ஜோடி ஜோடியா எழுதினா 16 ஆணை, எடுக்க 16 ஆணை. போகும்போது ஒரு சேவ் ஒரு ரெஸ்டோர், வரும்போது ஒரு சேவ் ஒரு ரெஸ்டோர். ஆக 2 கேபி. கேஷ்ல இருந்தா சில நூறு சைக்கிள். 1 கிகாஹெர்ட்ஸ்ல மைக்ரோசெகண்டுக்கு அக்கம்பக்கம். என்ற அம்மிச்சி விரலைத் துடைச்சு வெக்கறதுக்கு எத்தனை மைக்ரோசெகண்டு ஆகுதுன்னு ஆர்க்கிடெக்ட் ஐயா ஒரு தடவை ரேஷன் கடை வரிசைல வந்து நின்னு அளந்து பார்க்கட்டும்.

"ஹார்டுவேர் பார்த்துக்கும்." இது ரெண்டாவது. இதைக் கேட்டாத்தான் எனக்கு நிஜமாவே ரத்தம் கொதிக்குது. பழைய 32 பிட் ஆர்ம்ல சில சிஸ்டம் ரெஜிஸ்டர்களுக்கு உலகத்துக்கு ஒண்ணா ரெண்டு நகல் இருந்துச்சு. 64 பிட்ல இஎல்1 ரெஜிஸ்டர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. பேஜ் டேபிள் விலாசம், வெக்டர் டேபிள் விலாசம் எல்லாத்தையும் மானிட்டர்தான் ஒவ்வொண்ணா மாத்தணும். சரி, ஹார்டுவேரே நிஜமா பார்த்துக்கற சிப்பு இருக்கே, கார்டெக்ஸ்-எம்33 மாதிரி குட்டிச் சிப்புகள்? அங்க பாதுகாப்பு உலகம் வெளிய ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடறப்ப மிதவைப் புள்ளி ரெஜிஸ்டர்களை எழுதி வெச்சுத் துடைக்கறதுக்கும், திரும்ப எடுக்கறதுக்கும்னே ரெண்டு ஆணை குடுத்திருக்காங்க. அதுல திரும்ப எடுக்கற விஎல்எல்டிஎம் ஆணைலயே 2021ல ஓட்டை வந்துச்சு. சிவிஇ-2021-35465. பாதி ரெஜிஸ்டரை எடுத்துட்டிருக்கறப்ப ஒரு எக்ஸெப்ஷன் வந்து ஆணை அறுந்து போச்சுன்னா, எடுத்த வரைக்கும் இருக்கறதைச் சாதா உலகத்து ஹேண்ட்லர் பார்க்கலாம், மாத்தவும் செய்யலாம். எம்33, எம்35பி, எம்55 மூணுலயும். கடைசில கம்பைலர்ல ஒட்டுப் போட்டுத்தான் சரி பண்ண வேண்டி வந்துச்சு. ஹார்டுவேர் பார்த்துக்கும், நீ ஹார்டுவேரைப் பார்த்துக்கணும்!

மூணாவது: "இதையெல்லாம் எவன் பா வந்து பார்க்கப் போறான்?" பார்க்கறவன் பார்த்துட்டுத்தான் இருக்கான். டிரஸ்டட் ஃபர்ம்வேரோட சொந்தப் பாதுகாப்பு அறிவிப்புகளையே எடுத்துக்குங்க. 2017ல பிஎம்சிஆர்_இஎல்0ன்னு ஒரே ஒரு ரெஜிஸ்டரை சேவ் பண்ணாம விட்டதால, பாதுகாப்பு உலகம் எவ்ளோ நேரம் எடுத்துச்சுங்கற தகவல் வெளிய கசிய வழி இருந்துச்சு. 2018ல எக்ஸ்0ல இருந்து எக்ஸ்3 வரைக்கும் நாலே நாலு ரெஜிஸ்டர். அதுலதான் விடை வரப்போகுதே, எதுக்கு சேவ் பண்ணணும்னு விட்டது, ஒருத்தர் கேட்ட எஸ்எம்சியோட மிச்சத்தை இன்னொருத்தர் பார்க்கற நிலைமைல முடிஞ்சுது. அதே 2018 ஜூன்ல இன்டெல் பக்கம் லேஸிஎஃப்பி. "இப்பவே எதுக்கு மாத்தணும், அவன் தொட்டா மாத்திக்கலாம்"னு ஓஎஸ்கள் மிதவைப் புள்ளி ரெஜிஸ்டர்களை ஒத்திப் போட்டதுல வந்த வினை. அது ப்ராசஸ்களுக்கு நடுவுல நடந்த கதை, உலகங்களுக்கு நடுவுல இல்லை. ஆனா சோம்பேறித்தனம் அதே சோம்பேறித்தனம்தான். இதையெல்லாம் எழுதினவங்க மடையர்கள் இல்லை, உலகத்துல இந்த வேலையை நல்லாத் தெரிஞ்சவங்க. அவங்களே தடுக்கி விழற இடத்துல நாம வந்து சேர்ந்து ரெண்டு மாசமான ஃபிரெஷர் கைல குடுத்து, "சும்மா பாய்லர் பிளேட் பா, காப்பி பேஸ்ட் பண்ணிடு"ங்கறோம்.

நிற்க. எஸ்எம்சி போட்டுப் போறது வாசல் வழியாப் போறது. எதைத் தொடலாம், எதை அப்படியே திருப்பித் தரணும்னு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கலாம். இண்டரப்ட் அப்படி இல்லை. பாதுகாப்பு உலகம் பாதிக் கணக்குல இருக்கறப்ப சாதா உலகத்துக்கான இண்டரப்ட் வந்து, வெளிய போக வேண்டி வரும். அந்த நொடில எந்த ரெஜிஸ்டர்ல என்ன இருக்கும்னு எழுதினவனுக்கே தெரியாது. ஒப்பந்தம், மரியாதை ஒண்ணும் செல்லாது. எல்லாத்தையும் எடுத்து வெச்சு, எல்லாத்தையும் மாத்தியாகணும். "நாங்க இந்த ரெஜிஸ்டரை யூஸ் பண்றதில்லை"ன்னு சத்தியம் பண்றவங்க கம்பைலர் கிட்ட கேட்டாங்களா? சும்மா ஒரு மெமரி காப்பிக்குக்கூட அது வெக்டர் ரெஜிஸ்டரை எடுத்துக்கும், தடுத்து வெச்சாலொழிய.

எங்க ஊர் மாசாணியம்மன் கோயில்ல நீதிக்கல்லுல மிளகாய் அரைச்சுப் பூசுவாங்க. பொருளைத் தொலைச்சவங்க, திருடன் யாருன்னு தெரியாதவங்க, நியாயம் கேட்டு வருவாங்க. ஆனா பொருள் தொலைஞ்சுதுன்னாவது தெரியணுமே! ரெஜிஸ்டர்ல மிச்சம் வெச்ச சாவி தொலையாது. அது அங்கயே இருக்கும், நகல்தான் போகும். மிளகாய் அரைக்கக்கூட நமக்கு ஒரு காரணம் கிடைக்காது.

இன்னொரு கூட்டம் இருக்கு. "இதெல்லாம் வெளிநாட்டுச் சிப்போட பிரச்சினை, நம்ம சிப்பு வந்துட்டா சரியாயிடும்." சென்னை ஐஐடியோட சக்தி ப்ராசஸர் மேல எனக்குப் பெருமைதான். காமகோடி அவர்களோட குழு வடிவமைச்சு, 2018ல இன்டெலோட 22 நானோமீட்டர்ல ஒரு சிப்பு, அப்புறம் சண்டிகர் பக்கத்துல இருக்கற நம்ம எஸ்சிஎல்லோட 180 நானோமீட்டர்ல ஒண்ணுன்னு எடுத்துக் காட்டினாங்க. சாதாரண விஷயமில்லை. ஆனா சக்தி ரிஸ்க்-ஃபைவ். ஒரு டிராப் வந்தா ரிஸ்க்-ஃபைவ் ஹார்டுவேர் எடுத்து வெக்கறது எங்க இருந்து வந்தோம், ஏன் வந்தோம், நிலவரம் என்னங்கற ரெண்டு மூணு விஷயம்தான். மீதி 31 ரெஜிஸ்டரும் நீங்களே பார்த்துக்க வேண்டியது. அதனால சுதேசிச் சிப்புக்கு இந்த ஃபர்ம்வேர் எழுதற ஆள் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சிப்புல அசோகச் சக்கரம் பொறிச்சுட்டா ரெஜிஸ்டர் தானா துடைச்சுக்காது.

என்ற கதைக்கு வர்றேன். அந்த 13ஐ ஸ்லைடுல போட்டுக் காட்டினப்புறமும் மூணு வாரம் இழுத்துச்சு. டெமோ முடியட்டும், ரிலீஸ் போகட்டும். கடைசில மாத்தினது பில்டு ஃபைல்ல 0வை 1 ஆக்கினதும், அதுக்கு மெமரில கொஞ்சம் இடம் ஒதுக்கினதும்தான். சாவி ரெஜிஸ்டர்ல இருந்தது தனிக்கதை. வேலை முடிஞ்சதும் அதைத் துடைக்கறதுக்கு கிரிப்டோ பக்கம் நாலு வரி சேர்த்தோம். பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்ல வித்தியாசம் தெரியலை. யாரும் வாழ்த்து மெயில் போடலை. போட வேண்டாம், ஆனா "இவன் தேவையில்லாம வெசனப்படறான்"னு அப்ரைசல்ல எழுதாம இருந்திருக்கலாம்.

இப்ப இருக்கற இடத்துல சேர்ந்த முதல் வாரமே அந்த ஏ5 டெஸ்டைப் புதுசா எழுதி ராத்திரி பில்டுல சேர்த்துட்டேன். எக்ஸ் ரெஜிஸ்டர், வெக்டர், எஃப்பிசிஆர், எஃப்பிஎஸ்ஆர் எல்லாத்தையும் ரொப்பி, உள்ள போயிட்டு வந்து எண்ணும். போன மாசம் ஒரு நாள் காலைல சிவப்பு காட்டுச்சு. புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் ரெஸ்டோர் பகுதியைச் சுத்தம் பண்றேன்னு எழுதினதுல முப்பத்திரண்டு வெக்டரும் சரியா திரும்ப வந்துச்சு, எஃப்பிஎஸ்ஆர் மட்டும் விட்டுப் போச்சு. ரேகை ஒப்பிடற கணக்கு உள்ள ஏதோ தசமத்தை முழுசாக்கினதோட அடையாளமா ஒரே ஒரு பிட் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்துட்டு இருந்துச்சு. தம்பி வந்து, "அண்ணா, ஒரு பிட்டுதானே?"ன்னு கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வாய்க்கால் கதைதான் ஓடுச்சு.